ஓடும் பிள்ளைக்குச் சோறு யார் பொறுப்பு?

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு நாம் கல்முனைப் பக்கம் சென்றிருந்தோம். அங்கே வீட்டுத் திட்டமொன்றில் வாழும் ஒரு குடும்பத்தைச் சந்தித்தோம். 1990 இல் வயலோரத்து ஊரை விட்டுக் கரையோரத்துக்கு ஓடிவந்தவர்கள் இவர்கள். கரையில் கட்டிய வீட்டை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி கொண்டுபோனது. இப்போது தகப்பனார் பிறருடைய காணியைக் குத்தகைக்கு எடுத்து வேளாண்மை செய்கிறார்.

இவர்களுடைய மூத்த மகனுக்குப் பதினாறு வயது. 1500 மீற்றர் ஓட்டத்தில் வலய மட்டத்திலும் மாகாண மட்டத்திலும் வெற்றி பெற்றவன். போட்டியில் அவனைக் கண்ட தூரத்துப் பாடசாலையொன்று, விளையாட்டுப் புலமைப்பரிசில் தருவதாகக் கூறி அவனை அழைத்தது. வீட்டில் பெருமகிழ்ச்சி. தாயார் ஒரு சோடிக் காப்பை அடகு வைத்துப் பெட்டி, படுக்கை, உடுப்பு எல்லாம் வாங்கிக் கொடுத்தார். ஒரு தவணைதான். மகன் ஐந்து கிலோ மெலிந்து வீடு திரும்பினான். ஓட்ட நேரமும் கூடியிருந்தது.

"படிப்புச் செலவு இல்ல, சப்பாத்தும் தாறம் எண்டுதான் சொன்னாங்க. சோத்துக்காசு நாங்க கட்டணும் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல" என்றார் தாயார்.

தகப்பனார் சொன்னது எம்மை இன்னும் சிந்திக்க வைத்தது. "வயல் ஆறு மாசத்துக்கு ஒருக்காத்தான் காசு தரும். விடுதி மாசாமாசம் கேக்குது."

இந்த இரண்டு வசனங்களுக்குள் முழுப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. விளையாட்டுத் திறமையால் பிள்ளைக்கு ஒரு வழி திறக்கும்போது எதைக் கேட்க வேண்டும், எதைக் கணக்கிட வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

புலமைப்பரிசில் என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

புலமைப்பரிசில் என்றதும் எல்லாம் இலவசம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அந்தச் சொல் ஒரு பை போன்றது. பைக்குள் என்ன இருக்கிறது என்பதைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு விளையாட்டுப் பிள்ளையின் செலவுகள் ஐந்து வகைப்படும். முதலாவது, அனுமதிக்கும் படிப்புக்கும் உரிய கட்டணம். இரண்டாவது, தங்குமிடம். மூன்றாவது, உணவு. நான்காவது, சப்பாத்து, உடை, போட்டிகளுக்கான பயணச் செலவு. ஐந்தாவது, காயம் அல்லது நோய் ஏற்பட்டால் வைத்தியச் செலவு.

இவற்றில் முதலாவது எமது நாட்டில் பெரிய விடயமல்ல. 1945 முதல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. ஆகவே அரசாங்கப் பாடசாலையொன்று "கட்டணம் இல்லை" என்று சொல்லும்போது, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்கெனவே உள்ள உரிமையைத்தான் சொல்கிறது. பணம் கரைவது மூன்றாவது வகையில், அதாவது உணவில். சப்பாத்து ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ போதும். சோறு ஒவ்வொரு நாளும் மூன்று வேளை வேண்டும்.

வயற்கணக்கும் விடுதிக்கணக்கும்

ஓர் உதாரணம் எடுப்போம். விடுதியில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு 700 ரூபா என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாட்களுக்கு 21,000 ரூபா. தவணை மூன்று மாதமானால் 63,000 ரூபா. நீங்கள் கணக்கிடும்போது இந்த 700 ரூபாவை எடுத்துவிட்டு, அந்த விடுதியில் கேட்டறிந்த தொகையைப் போடுங்கள். வழி இதுதான்.

அடுத்து, பணம் எப்போது கையில் வரும் என்பதைப் பாருங்கள். எமது பகுதியில் பெரும்போக நெல் மாசி, பங்குனி அளவில் வீடு வரும். நீர் கிடைத்தால் சிறுபோக நெல் ஆவணி அளவில் வரும். குத்தகை, உழவு, பசளை, அறுவடைக் கூலி எல்லாம் கழித்த பின்னரே கையிருப்புத் தெரியும். விடுதிக் கட்டணமோ மாதம் தோறும் வரும். இடைப்பட்ட மாதங்களில் பெரும்பாலான குடும்பங்கள் நகை அடகு வைக்கின்றன, அல்லது வட்டிக்கு வாங்குகின்றன. இவ்வாறு ஒரு புலமைப்பரிசில் கடனாக மாறிவிடுகிறது.

விலைவாசியையும் மறக்கலாகாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டிலும் பார்க்க 94.9 வீதம் உயர்ந்திருந்தது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. உணவுக்கென்று ஒரு குறித்த தொகையை மட்டும் தரும் உதவி, இத்தகைய காலத்தில் பாதியாகச் சுருங்கிவிடும். "மூன்று வேளை உணவு தருவோம்" என்ற வாக்குறுதிக்கும் "மாதம் இவ்வளவு ரூபா தருவோம்" என்ற வாக்குறுதிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எமது நாட்டில் உள்ள உதவிகள்

கல்வி அமைச்சின் கீழ் விளையாட்டுப் பாடசாலைகளாகத் தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகள் உள்ளன. அவற்றில் சேரும் பிள்ளைகளுக்குப் போசாக்குக் கொடுப்பனவு உண்டு. மாதம் 5,000 ரூபாவாக இருந்த இத்தொகையை 10,000 ரூபாவாக உயர்த்த 2025 வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. மேலே சொன்ன உதாரணக் கணக்கின்படி 21,000 ரூபா தேவைப்படும் இடத்தில் 10,000 கிடைத்தால், மிகுதி 11,000 ரூபாவை யார் கொடுப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆகவே உங்கள் பிள்ளையை அழைக்கும் பாடசாலை அந்தப் பட்டியலில் உள்ள விளையாட்டுப் பாடசாலையா, கொடுப்பனவு பிள்ளையின் கணக்குக்கு வருகிறதா, விடுதிக்கு நேரே போகிறதா என்பவற்றை வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து உதவித்தொகை பெறும் பிள்ளைகளுக்கு அத்தொகை 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாக அதே வரவுசெலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்டது. இது விளையாட்டுக்கென்று தரப்படுவதல்ல. ஆனாலும் கணக்கில் சேர்க்க வேண்டிய வரவு.

பல்கலைக்கழகத்துக்குச் செல்லும்போது இன்னொரு வழி உண்டு. உயர்தரப் பரீட்சையில் தேவையான சித்திகளைப் பெற்று, விளையாட்டு முதலிய துறைகளில் தேசிய, சர்வதேச மட்டங்களில் சாதனை செய்தவர்களுக்கென்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு சிறு பங்கு இடங்களை விசேட அனுமதியாக ஒதுக்குகிறது. ஓட்டம் மட்டும் போதாது, பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பயிற்சிக்காகப் பாடத்தைக் கைவிட்ட பிள்ளைக்கு இந்தக் கதவு திறக்காது.

அனுமதி கிடைத்த பின்னர் உணவுக்கு என்ன வழி? 1981 இல் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்ட மகாபொல நிதியம் வசதி குறைந்த மாணவர்களுக்கு உதவுகிறது. அதன் மாதாந்தத் தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், மகாபொல கிடைக்காதவர்களுக்கான உதவிப்பணத்தை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்துவதாக 2025 வரவுசெலவுத் திட்டம் கூறியது. இவை குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுபவை. எனவே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் பெறும் வருமானச் சான்று சரியாக இருக்க வேண்டும். குத்தகைக்குச் செய்யும் காணியைச் சொந்தக் காணி என்று தவறாகப் பதிந்துவிட்டதால் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் நினைவூட்டுகிறோம். யுத்தத்தால் படிப்பு இடைநின்ற மாணவர்களை மனதிற்கொண்டு 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு, 1996 இல் பல்கலைக்கழகமானது. கல்முனைக்குத் தெற்கே அக்கரைப்பற்றுக்குப் போகும் வழியில் இருக்கிறது. அங்கு அனுமதி கிடைக்கும் பிள்ளை வீட்டுச் சோறு சாப்பிட்டுப் படிக்கலாம். பெயர் பெற்ற தூரத்து இடத்தை விட இது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் வீட்டுச் சோறும் ஒரு புலமைப்பரிசிலே.

அமெரிக்கா என்று யாராவது சொன்னால்

வெளிநாட்டில் உறவினர் உள்ள குடும்பங்களிலும், முகவர்கள் வந்துபோகும் ஊர்களிலும் அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுப் புலமைப்பரிசில் பற்றிய பேச்சு இப்போது அடிபடுகிறது. அது பொய்யல்ல. ஆனால் முழுவதும் விளங்கிக்கொள்ளாமல் நம்பக்கூடியதுமல்ல.

எம்மவரில் ஒருவர் அந்த வழியில் நடந்து காட்டியிருக்கிறார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்கள் உயரம் பாய்தலில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது. அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்து அதன் அணிக்காகவும் பாய்ந்தார். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 2024 இல் காலமாகும் வரை கல்விமானாகவே மதிக்கப்பட்டார். பாய்ச்சல் சில ஆண்டுகளில் முடிந்தது. படிப்புத்தான் வாழ்நாள் முழுவதும் கூட வந்தது.

இனி அங்குள்ள முறையைப் பார்ப்போம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பெரும்பாலும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம் நிர்வகிக்கிறது. அதில் மூன்று பிரிவுகள். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுப்பதில்லை. முதலாம், இரண்டாம் பிரிவுகளில் முழுப் புலமைப்பரிசில் என்றால் படிப்புக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் ஆகியவை அடங்கும். ஆனால் முழுவதும் பெறுபவர்கள் சிலரே. உதாரணமாக, 2025 வரை முதலாம் பிரிவில் ஆண்கள் மெய்வல்லுநர் அணியொன்றுக்கு 12.6 புலமைப்பரிசில்கள் மட்டுமே. அவற்றைத்தான் ஓடுபவர், பாய்பவர், எறிபவர் அனைவருக்கும் பங்கிட வேண்டும். ஒருவருக்குக் கால்வாசி, இன்னொருவருக்கு அரைவாசி என்று கிடைக்கும். 2025 யூலை முதல், நீதிமன்ற இணக்கத்தை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகங்களில் இந்த வரம்பு நீங்கி, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்துள்ளது. அதனால் எல்லோருக்கும் முழுத்தொகை கிடைக்கும் என்று பொருளல்ல. எவ்வளவு கொடுப்பது என்பதைக் கல்லூரியே தீர்மானிக்கும்.

அங்கே மாணவர்கள் விடுதியில் சாப்பிடுவதற்கு உணவுத் திட்டம் ஒன்றை வாங்க வேண்டும். கிழமைக்கு இத்தனை வேளை என்று முன்கூட்டியே பணம் கட்டும் முறை அது. பாதிப் புலமைப்பரிசில் பெறும் பிள்ளை இந்தப் பணத்தைத் தானே கட்ட நேரிடலாம். உணவுக்கும் தங்குமிடத்துக்கும் கிடைக்கும் உதவி அங்கே வருமானமாகவும் கருதப்படுகிறது. படிப்புக் கட்டணத்துக்கான உதவிக்கு வரியில்லை. உணவுக்கான உதவிக்கு வரியுண்டு. வெளிநாட்டு மாணவரிடம் பொதுவாக 14 வீதத்தை முதலிலேயே கழித்துக்கொள்வார்கள். நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களைப் பொறுத்து இது வேறுபடலாம். உழைத்துக் கட்டலாம் என்றால், மாணவர் வீசாவில் தவணைக் காலத்தில் கல்லூரி வளவுக்குள் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது.

அத்தனை பணம் புரளும் நாட்டிலும் விளையாட்டுப் பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள் என்பதை அறிவீர்களா? 2014 ஏப்ரலில் கனெக்டிகட் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட அணி தேசிய வெற்றிக் கிண்ணத்தை வென்றது. அதன் முன்னணி வீரர் ஷபாஸ் நேப்பியர், தாம் சில இரவுகளில் பசியோடு படுக்கைக்குப் போவதாகப் பத்திரிகையாளரிடம் சொன்னார். முன்பு இருந்த விதிகள் விசித்திரமானவை. பழமும் கச்சானும் வெறும் பாணும் சிற்றுணவாகக் கொடுக்கலாம். பாணுக்கு மேலே எதையாவது பூசிவிட்டால் அது உணவாகக் கணக்கிடப்பட்டது. அதே மாதம் சங்கம் விதியை மாற்றியது. 2014 ஓகஸ்ட் முதல் முதலாம் பிரிவுக் கல்லூரிகள் தமது வீரர்களுக்கு, புலமைப்பரிசில் இல்லாமல் அணியில் இருப்பவர்களுக்கும் சேர்த்து, வரையறையின்றி உணவு கொடுக்க அனுமதிக்கப்பட்டன. ஒரு பிள்ளை வாய் திறந்து பசிக்கிறது என்று சொன்ன வேளையில் கிடைத்த மாற்றம் இது. எமது பிள்ளைகளும் சொல்ல வேண்டும். நாமும் கேட்க வேண்டும்.

வெளிநாட்டு இடம் எடுத்துத் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்கும் எவருக்கும் உடனே கொடுக்காதீர்கள். உண்மையான அழைப்பு கல்லூரியிலிருந்து எழுத்தில் வரும். எதற்கு எவ்வளவு என்ற விபரமும் அதில் இருக்கும். அந்தக் கடிதத்தை ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் இருவரிடமாவது காட்டி வாசித்தறியுங்கள்.

பிள்ளைக்கு எவ்வளவு உணவு தேவை?

விடுதிச் சாப்பாடு போதுமா என்று பார்க்கவும் ஓர் அளவுகோல் வேண்டும். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் தேவை. 55 கிலோ நிறையுள்ள பிள்ளைக்குக் குறைந்தது 66 கிராம். 400 கிராம் அரிசியில் சமைத்த சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் கிடைக்கும். 50 கிராம் பருப்பில் 12 கிராம். சோறும் பருப்பும் மட்டும் என்றால் 40 கிராம்தான் ஆகிறது. அதனோடு இரண்டு முட்டை 12 கிராம், 150 கிராம் மீன் 30 கிராம், ஒரு பிடி கச்சான் 7 கிராம் சேர்த்தால் 89 கிராம். கடற்கரை ஊர்களில் மலிவாகக் கிடைக்கும் காலத்து மீனும், அவித்த கௌபி, பயறு, கடலையும் இந்தக் குறையை நிரப்பக்கூடியவை. விலை கூடிய போசாக்கு மாக்கள் தேவையில்லை.

பெண்பிள்ளைகள் விடயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பயிற்சிக்குத் தக்க உணவு இல்லாவிட்டால் மாதவிடாய் தவறும், எலும்பு பலமிழக்கும், சிறு அடிக்கும் வெடிப்பு ஏற்படும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 முதல் இதுபற்றி எச்சரித்து வருகிறது. ஆண்பிள்ளைகளுக்கும் இத்தகைய சக்திக் குறைபாடு வரும். மாதவிடாய் நின்றது நல்ல பயிற்சியின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள்.

முஸ்லிம் பிள்ளை தூர விடுதிக்குப் போவதானால், ஹலால் உணவு கிடைக்குமா, நோன்பு காலத்தில் ஸஹர் உணவும் நோன்பு திறக்கும் உணவும் தருவார்களா, அம்மாதத்தில் பயிற்சி நேரத்தை மாற்றுவார்களா என்று சேர முன்னரே கேட்டுவிடுங்கள். சேர்ந்த பின் கேட்டால் பிள்ளைதான் தனியே சங்கடப்படும்.

கடுதாசிகளைக் காப்பாற்றுங்கள்

இடம்பெயர்ந்தவர்களுக்கு மட்டும் உரிய ஒரு துன்பம் உண்டு. அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ்கள் போன்றவையே விசேட அனுமதிக்கு ஆதாரம். ஓடும்போது வீட்டில் விட்டவை, வெள்ளத்தில் நனைந்தவை என்று எத்தனை சான்றிதழ்கள் போயின! ஒவ்வொரு சான்றிதழிலும் மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பாடசாலையில், ஒன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம், ஒன்று வீட்டில். அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்தும் அனுப்பி வையுங்கள்.

கையெழுத்திட முன் கேட்க வேண்டியவை

இப்பகுதியை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1. புலமைப்பரிசிலில் உணவு அடங்குமா? எத்தனை வேளை?

2. தவணை விடுமுறையிலும் பயிற்சி உண்டா? அந்நாட்களில் உணவு யார் தருவார்கள்?

3. உதவி உணவாகத் தரப்படுமா, பணமாகவா? விலை ஏறினால் தொகையும் ஏறுமா?

4. எத்தனை ஆண்டுக்கு? ஆண்டு தோறும் புதுப்பிக்க வேண்டுமா?

5. காயம் பட்டால் அல்லது ஓட்டம் குறைந்தால் உதவி நிற்குமா? அப்போது பிள்ளை அதே பாடசாலையில் தொடர்ந்து படிக்கலாமா?

6. நாம் கட்ட வேண்டிய பங்கை அறுவடை முடிந்து மொத்தமாகக் கட்டலாமா?

7. இவை எல்லாவற்றையும் அதிபரின் கையொப்பத்துடன் எழுத்தில் தருவீர்களா?

ஆறாவது கேள்வியைக் கேட்கப் பலர் வெட்கப்படுகிறார்கள். வெட்கப்படத் தேவையில்லை. விடுதிக்கு அரிசி கொடுப்பதே விவசாயிதான். சில இடங்களில் நெல்லாகவோ அரிசியாகவோ ஏற்றுக்கொள்ளவும் கூடும். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

நாம் சந்தித்த பிள்ளை இப்போது வீட்டிலிருந்தே பழைய பாடசாலைக்குப் போகிறான். காலையில் கடற்கரை மணலில் ஓடுகிறான். இழந்த ஐந்து கிலோவில் மூன்று திரும்பிவிட்டது. தாயாரின் காப்பு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வேறொரு பாடசாலையும் அவனை அழைத்திருப்பதாகச் சொன்னார்கள். நாம் விடைபெறும்போது தகப்பனார் மகனை அழைத்து, "மகன், இந்த முறை நான் உன்னோட வாறன். விடுதிச் சமையலறையைப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து வைப்பன்" என்றார்.

அந்தத் தகப்பனார் செய்யப்போவதை ஒவ்வொரு பெற்றோரும் செய்ய வேண்டும். மைதானத்தைப் பார்க்க முன்னர் சமையலறையைப் பாருங்கள்.